எல்லா லீவும் எடுத்தவள்

பிரியாவிடைக் கூட்டத்தில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட முதல் வாக்கியமே பிழை.

"எங்கடை மிஸ் இத்தனை வருசத்திலை ஒருநாள் லீவு எடாதவ" என்றாள் சுமதி. ஆய்வுகூடத்தில் என்னிடம் வேலை பழகிய பிள்ளை. மனமாரத்தான் சொன்னாள். "நேரத்துக்குச் சாப்பிடமாட்டா, ஒரு இடத்திலை இருக்கமாட்டா, தன்ரை உடம்பைப் பாக்கமாட்டா" என்று தொடர்ந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கையில் பாதி வடையுடன், மறுப்பதா விடுவதா என்று தெரியாமல் இருந்தேன்.

மறுக்க வேண்டியவை மூன்று. எனக்கு உரிய லீவு முழுவதையும் ஒவ்வொரு வருடமும் எடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட்டேன். கண் களைத்தால் எழும்பிப் போய் வெளியே நின்றேன். மூன்றையும் சுமதி தினமும் பக்கத்தில் இருந்து கண்டவள். இருந்தும் புகழ வேண்டும் என்று மேடையில் ஏறியதும் அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. நம்முடைய ஆட்களிடம் பாராட்டுக்கு ஒரே ஒரு சட்டைதான் இருக்கிறது. யாருக்கும் அதையே மாட்டி விடுகிறார்கள்.

கூட்டம் முடிய, "மிஸ், எப்பிடி ஓய்வில்லாமல் இவ்வளவு வேலை செய்தனீங்கள் எண்டு எங்கடை ஆஸ்பத்திரி மலருக்கு எழுதித் தாங்கோ" என்று கேட்டாள். கேள்வியிலேயே பிழை இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட கட்டுரைகளை எழுதுகிறவர்களுக்கு வழக்கமாகத் தலை நரைத்திருக்கும். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. கலியாணமாகி மட்டக்களப்புக்குப் போகிறேன், அங்கே ஆஸ்பத்திரியில் எனக்கு வேலையிடம் இல்லை என்றார்கள், வேலையை விட்டேன். கொழும்பில் ஆய்வுகூடப் பயிற்சி தொடங்கிய வருடம் 1983. ஆடி மாதக் கலவரத்தில் ஒரு பையுடன் கப்பலில் ஊர் திரும்பி, மிச்சத்தை யாழ்ப்பாணத்தில் முடித்தேன். படித்ததில் பெரும்பகுதி, மருந்தும் மின்சாரமும் இல்லாமல் போனதால் பயன்படவில்லை. பயன்பட்டது, பாடக் குறிப்பின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன அறிவுறுத்தல்: நுணுக்குக்காட்டியில், அதாவது மைக்ரோஸ்கோப்பில், தொடர்ந்து பார்க்கிறவர் இடைக்கிடை எழும்பித் தூரத்தில் உள்ள ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். கண்ணும் ஒரு கருவி. களைத்த கருவி பிழை காட்டும். ஆனால் பிழை காட்டுகிறது என்று அது உங்களுக்குச் சொல்லாது.

நான் வேலை செய்தது குடாநாட்டுக்குள் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜெயரத்தினம் சேர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆய்வுகூடத்துக்கு வருகிறவர். எல்லோருக்கும் முன்னர் வருவார், எல்லோருக்கும் பின்னர் போவார். பால் விடாத அவருடைய பிளேன்ரீயை ஒரு கண்ணாடி மூடியால் மூடி மேசையில் வைப்போம். மத்தியானம், குடிக்காமல் ஆறிப்போனதை எடுத்து வெளியே ஊற்றுவோம். அவர் இருக்கிற ஒரே இடம் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உள்ள ஸ்டூல். வேறு கதிரையில் அவர் இருந்ததை நான் காணவில்லை.

நேர்மையான மனிதர். நோயாளியை ஒருநாளும் "நாளைக்கு வா" என்று அனுப்பமாட்டார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் தான் ஆறியிருக்காதபடியால் மற்றவர்களும் ஆறியிருக்கக்கூடாது என்பது அவருடைய நினைப்பு. அவர் ஏசமாட்டார். நாங்கள் தேத்தண்ணீர் குடிக்க இருந்தால் வாசலில் நின்று, மிகுந்த அக்கறையுடன் கேட்பார்:

"என்ன பிள்ளை, சுகமில்லையோ?"

"சுகம்தான் சேர்."

"இல்லை, இருந்திட்டீர், அதான் கேட்டனான்."

இந்த "சுகமில்லையோ"வுக்குப் பயந்து, சுகமில்லாத பிள்ளைகளே எழும்பி நின்று வேலை செய்தார்கள். லீவு கேட்டால் ஒப்பம் போடுவார், போட்டுவிட்டு, "கொண்டாட்டமோ?" என்பார். தகப்பனின் திவசத்துக்கு லீவு கேட்டவளிடமும் அப்படித்தான் கேட்டார்.

1990இல் சண்டை மீண்டும் தொடங்கிய பிறகு மின்சாரம் இல்லை. மின்குமிழ் போட்ட நுணுக்குக்காட்டியைத் துணியால் மூடி வைத்துவிட்டு, அலுமாரியில் கிடந்த பழையதை எடுத்தோம். அதற்குக் கீழே ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருக்கும். அதைத் திருப்பி, யன்னலுக்கு வெளியே உள்ள வானத்தின் வெளிச்சத்தை மேலே அனுப்ப வேண்டும். வெளிச்சம் வானத்தில் இருந்து வருவதால் வேலைக்கு ஒரு எல்லையும் இருந்தது. காலையில் நல்ல வெளிச்சம். மத்தியானத்துக்குப் பிறகு யன்னல் பக்கம் குறையும். முகில் வந்தால் மங்கும். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு யாரும் நேர அட்டவணை போட்டுக் கொடுக்க முடியாது. சேருக்கு அது விளங்கவில்லை. வெளிச்சம் குறைந்தால் முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோவார்.

மலேரியா பெருகிய காலம் அது. வன்னிப் பக்கம் போய் வருகிறவர்கள், முகாம்களில் இருந்தவர்கள் என்று காய்ச்சல்காரர் வரிசையில் நின்றார்கள். விரலைக் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சிலைட்டில் தடிப்பாகப் பூசி, காய வைத்து, சாயமிட்டு, எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தடவையில் கண்ணுக்குத் தெரிவது ஒரு சின்ன வட்டம். அதைத் தளம் என்போம். கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன்னர் நூறு தளம் பார்க்க வேண்டும். எண்ணுகிற பொறி பழுதாகிவிட்டது. அதனால் புளியங்கொட்டை வைத்திருந்தோம். இரண்டு பால்மாத் தகரப் பேணி. வலது கையால் சிலைட்டை நகர்த்தி ஒரு தளம் பார்த்தால், இடது கையால் ஒரு கொட்டையை இந்தப் பேணியில் இருந்து அந்தப் பேணிக்குப் போட வேண்டும். முதல் பேணி காலியானால் நூறு.

நல்ல ஏற்பாடு. ஒரு குறை மட்டும் உண்டு. கை பழகிவிட்டால் அதற்குக் கண்ணின் உதவி தேவைப்படாது.

நான் ஒரு நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினேன். சிலைட் எல்லாம் காலை வெளிச்சத்தில். சலம், சீனி, இரத்தத்தின் அளவு போன்ற சோதனைகள் பின்னேரம். ஒருவர் தொடர்ந்து பார்க்காமல் ஆள் மாற வேண்டும். மாறுகிறவர் வெளியே போய், மதிலுக்கு அப்பால் தெரிகிற தண்ணீர்த் தாங்கியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வர வேண்டும். சேர் அதை நின்று வாசித்தார்.

"தாங்கியைப் பாக்கிறதுக்கும் சம்பளமோ பிள்ளை?"

"கண்ணுக்கு ஆறுதல் சேர். படிப்பிச்சவை."

"களைப்பெண்டுறது மனசிலைதான் இருக்கு."

அடுத்த நாள் தாள் சுவரில் இல்லை. கடதாசித் தட்டுப்பாடான காலம். அதைத் திருப்பி, பின்பக்கத்தில் சாயம் கலக்கும் அளவுகளை எழுதி, கடைசி மூலையில் ஒட்டியிருந்தார். அழகான கையெழுத்து. என் முறை வந்தபோதெல்லாம் எழும்பிப் போய்த் தாங்கியைப் பார்த்தேன். திரும்பி வரும்போதெல்லாம் "சுகமில்லையோ" காத்திருந்தது.

அந்த மார்கழியில் மழை முகில் லேசில் விலகவில்லை. சேருக்குக் காய்ச்சல் தொடங்கியது. சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு வந்தார். நடுக்கத்தில் சாயப் போத்தல் கையில் கிலுகிலுத்தது. "வீட்டை போங்கோ சேர்" என்றேன். "வீட்டிலை நத்தாருக்குக் கேக் அடிக்கினம். அங்கை இஞ்சையைவிடச் சத்தம்" என்றார். பிறகு ஒரு பின்னேரம், யாரும் கேட்காமலேயே தன் விரலைத் தானே குத்தினார். தானே பூசினார். தானே சாயமிட்டார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்த யன்னலோரம் குனிந்திருந்து, தன் சிலைட்டைத் தானே பார்த்தார். கொட்டைகள் பேணியில் விழுந்தன. முடிந்ததும், "இல்லை. வெறும் தடிமன் காய்ச்சல்" என்றார்.

இப்படி ஒரு விசித்திரத்தை எங்கள் தொழிலில்தான் செய்ய முடியும். வேறு எந்த நோயாளியும் தனக்கு வருத்தம் இல்லை என்று தானே கையெழுத்துப் போட முடியாது.

அடுத்த நாள் கொஞ்சம் வெயில் எறித்தது. சேர் வருவதற்கு முன்னரே வந்து, தட்டில் இருந்த அவருடைய சிலைட்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நூறு தளம் பார்க்கத் தேவைப்படவில்லை. முதல் தளத்திலேயே சின்னச் சின்ன மோதிரங்களாகக் கிருமி. அடுத்ததிலும். அதற்கு அடுத்ததிலும். மூளையைப் பிடிக்கிற வகை.

அவர் வந்தபோது சொன்னேன்.

"சேர், உங்கடை சிலைட்டை ஒருக்காப் பாத்தனான்."

"என்ரையையோ? அது நேற்றே முடிஞ்சுது. இல்லை எண்டு எழுதியாச்சு."

"இருக்கு சேர். நிறைய இருக்கு."

"பிள்ளை, நீர் பிறக்க முன்னம் நான் மலேரியா பாக்கத் தொடங்கினனான்."

"ஓம் சேர். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஒருக்கா வந்து பாருங்கோ."

பார்க்க வரவில்லை. ஸ்டூலில் இருந்து அன்றைய முதல் சிலைட்டை எடுத்து வைத்துவிட்டார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அது என் பெயர் அல்ல. பல வருடங்களுக்கு முன்னர் இடமாற்றத்தில் போன வேறொரு மிஸ்ஸின் பெயர். இந்த வகை மூளைக்கு ஏறினால், மனிதர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நினைவு போகும். போனவர்கள் எல்லோரும் திரும்பியதில்லை. எங்கள் வாட்டிலேயே கண்டிருக்கிறோம்.

வாட்டு டொக்டரிடம் ஓடினேன். வந்து சிலைட்டைப் பார்த்தார். சேரின் வீடு கிட்ட என்பதால் ஆள் அனுப்பி, மனைவி கிறேஸ் அக்காவையும் கூப்பிட்டோம். கையில் மாவுடனேயே வந்தா.

"சேர், வாட்டிலை கட்டில் போட்டிருக்கு. எழும்புங்கோ" என்றார் டொக்டர்.

"வருத்தக்காரருக்கே கட்டில் காணாது. எனக்கென்னத்துக்கு?"

"நீங்கள்தான் சேர் வருத்தக்காரர்."

"இந்தத் தட்டை முடிச்சிட்டு வாறன். சனம் வெளியிலை நிக்குது."

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ" என்றா கிறேஸ் அக்கா. அவர் தலையைத் தூக்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பினா. "ஆண்டவரே ஏழாம் நாள் ஆறியிருந்தவர், தங்கச்சி. இந்த மனுசனுக்கு அதுவும் தெரியாது." சொல்லிச் சிரிக்கப் பார்த்தா. முடியவில்லை.

டொக்டர் சின்ன வயது. சேரின் முன்னால் அவருக்கும் கூச்சம். ஆறடி மனிதரை ஸ்டூலில் இருந்து யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. மூன்று பேரும் நிற்கிறோம், சேர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கொட்டை, இன்னொரு கொட்டை. பேணியில் டக், டக் என்று விழுகிறது. அப்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். அது நகரவில்லை. சிலைட் அதே இடத்தில் நிற்கிறது. இடது கை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

மேசைக்கு மறுபக்கம் போய், கையை நீட்டி, கீழே உள்ள கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன்.

இப்போது அவருடைய கண்ணுக்கு முன்னால் கறுப்பு மட்டும்தான் இருக்க வேண்டும். பொறுத்தேன். டக். அடுத்தது. டக். அவர் தலை நிமிரவில்லை. கிறேஸ் அக்கா கையால் வாயைப் பொத்தினா. இன்னும் சில கொட்டைகள் விழுந்தன.

"சேர், உள்ளுக்கை இருட்டு" என்றேன்.

மெல்ல நிமிர்ந்தார். "மழை வரப்போகுதோ?"

"இல்லை சேர். நான் கண்ணாடியைத் திருப்பினனான்."

"எப்ப?"

"கொஞ்சம் முந்தி. அதுக்குப் பிறகும் நீங்கள் எண்ணிக்கொண்டுதான் இருந்தனீங்கள்."

குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். பிறகு பேணியைப் பார்த்தார். அதற்குள் கையை விட்டுக் கொட்டைகளை அளைந்தார். அந்த முகத்தில் நான் அதுவரை கண்டிராத பயம் வந்தது. தன்னைப் பற்றிய பயம் என்று நினைத்தேன். அது என் பிழை.

"அப்ப நேற்று நான் பாத்த மற்றச் சனத்தின்ரை சிலைட்டுகள்?"

அவர் எழும்பினார். "எல்லாத்தையும் திருப்பிப் பாரும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, கிறேஸ் அக்காவின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு வாட்டுக்கு நடந்தார்.

குயினைன் ஏற்றினார்கள். இரண்டு போத்தல் மட்டும் இருந்தது. மிச்சத்தை டொக்டர் எங்கெங்கோ ஆள் அனுப்பித் தேடி எடுத்தார். அன்றே சேருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. கட்டிலில் கிடந்தபடி இடது கை விரலால் விரிப்பில் எதையோ எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பேணியில் இருந்து அடுத்த பேணிக்கு.

ஆய்வுகூடத்தில் நான் தட்டுத் தட்டாகச் சிலைட்டுகளுடன் இருந்தேன். சேர் காய்ச்சலோடு பார்த்த நாட்கள் எல்லாவற்றின் சிலைட்டுகளும். பாதி பார்த்ததும் சாப்பாட்டு நேரம் வந்தது. பெட்டியை எடுத்தேன். டொக்டர் வாசலில் நின்றார்.

"இப்பவுமோ சாப்பிடப் போறீங்கள், மிஸ்?"

"இப்பதான் கட்டாயம் சாப்பிடோணும், டொக்டர்."

"அங்கை ஆருக்கு என்ன ஆகுதெண்டு தெரியாமல்..."

"அதுக்காகத்தான். நான் களைச்சுப் பாத்தால் பேந்து இதை ஆர் திருப்பிப் பாக்கிறது?"

அவர் முகத்தில் வெறுப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கும் அந்தப் புட்டு இறங்கவில்லை. ஆனாலும் முழுவதும் சாப்பிட்டேன், வெளியே போனேன், தாங்கியைப் பார்த்தேன், வந்து இருந்தேன். வெளிச்சம் குறைந்ததும் நிறுத்தினேன். அடுத்த காலை தொடர்ந்தேன். "இல்லை" என்று எழுதப்பட்டவற்றில் மூன்றில் கிருமி இருந்தது. ஒன்றை, களைத்திருந்தால் நானும் தவறவிட்டிருப்பேன். எண்பது தளத்துக்குப் பிறகுதான் ஒரேயொரு மோதிரம் தெரிந்தது. ஒருவர் தொண்டைமானாற்றுக் கடற்றொழிலாளி. செய்தி அனுப்பிக் கூப்பிட்டு மருந்து கொடுத்தோம். இன்னொருவர் தெல்லிப்பழையில் இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தாய். பக்கத்திலேயே இருந்தா, மருந்து கொடுத்தோம். மூன்றாவது ஆளுக்கு முகவரியாக "முகாம்" என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த முகாம் என்று இல்லை. சைக்கிளில் மூன்று முகாம்களுக்குப் போய்க் கேட்டேன். கிடைக்கவில்லை. இன்றுவரை தெரியாது.

ஓய்வைச் சோம்பல் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு வரும் எரிச்சலுக்கு அந்த மூன்றாவது ஆள்தான் காரணம். வேலை செய்கிறவர் தன் உடம்பைத் தியாகம் செய்கிறார் என்று கைதட்டுகிறோம். பலியாகிறது அநேகமாக வேறு யாருடையவோ உடம்பு.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் சேருக்கு நினைவு தெளிந்தது. டொக்டர் சொன்ன ஓய்வில் பாதியைக்கூட எடுக்காமல் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார். "குயினைனாலை காது இரையுது. கண்ணுக்கு ஒண்டுமில்லை" என்றார். பார்க்க வந்தவர்களிடம் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? "மூளை மலேரியாவோடையும் ஒருநாள் டியூட்டி செய்தனான்." கேட்டவர்கள், "அவரெல்லோ மனுசன்" என்று மெச்சிக்கொண்டு போனார்கள். பேணியைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது.

ஆனால் என் நேரசூசி, கடைசி மூலையில் இருந்து எடுக்கப்பட்டு, முன்பக்கம் தெரியும்படி பழைய இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. சாயம் கலக்கும் அளவுகள் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு நான் எழும்பிப் போய் வந்தால் "சுகமில்லையோ" வராது. வேறொரு கேள்வி வரும்:

"என்ன பிள்ளை, தாங்கி இன்னும் நிக்குதோ?"

"நிக்குது சேர். நீங்களும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

"நீர் பாத்தால் காணும்."

போகமாட்டார். மனிதர் அவ்வளவுதான் மாறினார்.

இனிப் பிரியாவிடைக் கூட்டத்துக்கு வருகிறேன். சுமதி பேசி முடித்ததும் சேரைப் பேசச் சொன்னார்கள். எழும்பினார். "இந்தப் பிள்ளை இப்ப சொன்னது முழுக்கப் பொய்" என்றார். கூட்டம் சிரித்தது. "இவ எல்லா லீவும் எடுத்தவ. ஒப்பம் போட்டது நான். மணி அடிச்ச மாதிரிச் சாப்பிடுவா. நான் வாட்டிலை சாகக் கிடக்கேக்கையும் சாப்பிட்டவ." இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பகிடி என்று நினைத்தார்கள். "இவ 'இல்லை' எண்டு எழுதினால், இல்லை. அதை ஆரும் திருப்பிப் பாக்கத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு இருந்தார். அதற்கு யாரும் கைதட்டவில்லை. பேச்சு முடிந்தது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

எனக்குக் கிடைத்த ஒரே சரியான பாராட்டு அது. அதை நின்று அனுபவிக்கவும் விடவில்லை. வடை பரிமாறி முடியும் முன்னர் ஆளைக் காணவில்லை. எங்கே என்று கேட்கத் தேவையில்லை. பரிசுப் பொதியைச் சுமதியிடம் கொடுத்துவிட்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். யன்னலில் மாலை வெளிச்சத்தின் கடைசிப் பகுதி. ஸ்டூலில் சேர் குனிந்திருந்தார். டக், டக்.

மேசைக்கு மறுபக்கம் போய்க் கண்ணாடியைத் திருப்பினேன்.

உடனே நிமிர்ந்தார். "கண்டிட்டன், பிள்ளை."

"நல்லது சேர். அப்ப எழும்புங்கோ."

"இரண்டு தட்டுத்தான் மிச்சம்."

"நாளைக்குச் சுமதி காலமை வெளிச்சத்திலை பாப்பாள்."

சேர் சிலைட்டை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு கொட்டைகளை ஒரே பேணிக்குள் கொட்டி, நுணுக்குக்காட்டியைத் துணியால் மூடினார். நான் கண்ணாடியைச் சுவர்ப் பக்கமே விட்டுவிட்டு, அவர் வெளியே வரும்வரை வாசலில் நின்றேன்.